பால்கோவா நிறத்துப் பெட்டி

பிளக்கைச் செருகி சுவிட்சைத் தட்டியதும் பெட்டி ஒரு தடவை உடம்பைச் சிலுப்பிக்கொண்டு உறும ஆரம்பித்தது. அம்மாடி, இத்தனை சத்தமா, தெருவில் போகிறவனெல்லாம் எட்டிப் பார்ப்பானே என்று சவரிமுத்துவுக்குத் திக்கென்றது. ஒரு ஆயுசு முழுக்கப் பொன்மலை ரயில்வே பட்டறையில் இரும்போடு இரும்பு மோதுகிற இரைச்சலில் குப்பை கொட்டிய மனுஷனுக்கு ஒரு ஃபிரிட்ஜ் சத்தம் பெரிசாகப் போய்விட்டதே என்று அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்தது. நாற்காலியை இழுத்துப் பெட்டிக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கதவ மட்டும் தொறந்துடாதீங்கண்ணே, சாயங்காலம் வரைக்கும் கைய வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க, தொறந்தீங்கன்னா சேர்ந்த குளிரெல்லாம் ஓடிப்போயிரும் என்று மெக்கானிக் ஜமால் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். சும்மா இருப்பது என்ன லேசுப்பட்ட காரியமா. உள்ளே மேல்தட்டில், அலுமினியத் தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறது. அது கட்டியாக வேண்டும். தங்கச்சி பேரனுக்கு ஞானஸ்நானம் என்று நேற்று மணப்பாறைக்குப் போன புஷ்பம் சாயங்கால பஸ்ஸில் திரும்பி வருவாள். வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சேசுவே என்று உட்காருவாள். அப்போது ஒரு டம்ளரில் ஐஸ் மிதக்க மிதக்கத் தண்ணீர் கொண்டுபோய் நீட்ட வேண்டும். வேறொன்றும் வேண்டாம் அவருக்கு. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது என்றால் யாரும் நம்புவதில்லை. போனஸ் வந்தபோதெல்லாம் கேட்டுப் பார்த்திருக்கிறார். மகள் ஜெசிந்தா வேலைக்குப் போன புதிதில் இரட்டைக் கதவு வைத்தது வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். புஷ்பம் அசைந்து கொடுக்கவில்லை. பானைத் தண்ணிக்கு என்ன கொறச்சல், அப்படியே வந்தாலும் அந்த வக்கீல் வீட்டுப் பெட்டி மாதிரில்ல வரணும் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். வக்கீல் வீடு என்பது கண்டோன்மெண்டில் அவள் பாவாடை கட்டிய வயசில் வேலைக்குப் போய், கல்யாணம் நிச்சயமாகிற வரைக்கும் இருந்த வீடு. தோள்பட்டை உருண்டு, பால்கோவா நிறத்தில், பளபளவென்று கைப்பிடி வைத்து, கூடத்து மூலையில் நின்ற அந்தப் பெட்டியை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனால் அவள் சொல்லிச் சொல்லி, கண்ணை மூடினால் அது வந்து நிற்கும்.

அதனால்தான் காரைக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவர் பழைய சாமான் விற்கிற தெருவில் அப்படியே ஆணியடித்த மாதிரி நின்றுவிட்டார். மரத்தூண்கள், பீங்கான் ஜாடிகள், யாருடைய தாத்தாவோ முறைத்துக்கொண்டிருக்கிற படங்கள், அத்தனைக்கும் நடுவே துருவேறி, ஒரு கால் இல்லாமல் செங்கல் முட்டுக்கொடுத்து, அதே உருண்ட தோள்பட்டையோடு. ஓடுமா என்று கேட்டதற்குக் கடைக்காரன் வாய்விட்டுச் சிரித்தான். ஓடுறதா, துணி அடுக்கி வச்சிக்கங்க சார், சினிமாக்காரங்க கேட்டிருக்காங்க, உங்க முகத்தைப் பார்த்துத் தர்றேன் என்றான். பேரம் பேச வாயே வரவில்லை. குட்டியானை வண்டி பிடித்து ஏற்றும்போது ஜமாலுக்குப் போன் போட்டால் அவன் பதறுகிறான், அண்ணே, படுக்கப் போட்டுராதீங்க, கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள்ள ஏறிடும், நட்டமா நிக்கணும். நட்டமாக நிற்க வேண்டுமென்றால் ஒரு ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். முன்னால வந்து உக்காருங்க பெரியவரே, கயிறு கட்டியிருக்குல்ல என்று டிரைவர் பையன் எவ்வளவோ சொன்னான். கயிறை நம்பி விடுகிற சாமானா இது. பின்பக்கம் ஏறி, இரண்டு கையாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு, கன்னத்தைத் தகரத்தில் பதித்து, கல்யாண வேட்டியெல்லாம் துருவாகி, காரைக்குடியிலிருந்து திருச்சி வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். புதுக்கோட்டையில் டீக்கடையில் நிறுத்தினபோதுகூடக் கையை எடுக்கவில்லை. என்ன பெரிசு, புதுப் பொண்டாட்டியா, விடவே மாட்டேங்கிறீங்க என்று கடையில் ஒருத்தன் கேட்டான். பழைய பொண்டாட்டிக்குத்தான்யா என்று இவரும் விட்டுக்கொடுக்காமல் சொன்னார். கீரனூர் தாண்டி ஒரு மேட்டில் வண்டி தூக்கிப்போட, கயிறு இளகிக் கதவு திறந்து, உள்ளேயிருந்து ஒரு வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. பழைய ரப்பர், அந்துருண்டை, எப்போதோ கெட்டுப்போன பால். இதைத்தானே அவள் தினம் தினம் முகர்ந்திருப்பாள் என்று நினைத்தபோது, பார்க்காத அந்தச் சின்னப் பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. அவள் எப்படி இருந்திருப்பாள் அப்போது. ரெட்டைச் சடையா, ஒற்றைச் சடையா. கேட்டதே இல்லை.

ஸ்டெபிலைசரில் பச்சை விளக்கு ஒரு கணம் நடுங்கியது. ஐயோ, கரண்டு போய்விடுமோ. போகவில்லை. போனால் என்ன செய்வது. மீன் மார்க்கெட்டில் போய் ஐஸ் வாங்கிவந்து உள்ளே வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும். சீ, அது மோசடி. இந்தப் பெட்டியே கட்டிய ஐஸாக இருக்க வேண்டும். நேற்று ஜமால் ஷெட்டில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்ததில் உள்குழாயில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதைப் பார்த்ததும் ஜமாலும் அவரும் பிள்ளை பிறந்த வீட்டு ஆம்பிளைகள் மாதிரி ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டார்கள். எத்தனை நாள் கூத்து. கோயில் கமிட்டி வேலை, கோயில் கமிட்டி வேலை என்று தினம் புஷ்பத்திடம் புளுகிவிட்டு அரியமங்கலம் ஷெட்டுக்கு ஓடினது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகையே போய்விட்டது. பழைய கம்ப்ரசரைக் கழற்றிப் போட்டு வேறு வைத்து, கதவு ரப்பரை அளவெடுத்து ஒட்டி, இல்லாத காலுக்குப் பட்டறைச் சினேகிதனிடம் ஒன்று கடைந்து வாங்கி. அப்புறம் பெயிண்ட். பால்கோவா நிறம் என்று சொன்னால் பெயிண்ட்காரன் மஞ்சளைக் கலந்து கோழிக்குஞ்சு நிறத்தில் கொண்டுவந்து காட்டுகிறான். அது இல்லப்பா, இது இல்லப்பா என்று சொல்லிப் பார்த்து, கடைசியில் மிட்டாய்க் கடைக்குப் போய்ப் பால்கோவாவே வாங்கிக்கொண்டுபோய், இந்தா, இதுதான் சாம்பிள் என்று நீட்டினார். அவன் பாதியைத் தின்றுவிட்டு மீதியைப் பார்த்துக் கலந்தான். அச்சு அசலாக வந்தது. வீட்டுக்கு வந்தால் தின்னர் வாடை. என்ன இந்த நாத்தம், சர்ச்சுக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்களா என்றாள் புஷ்பம். ஆமாம் என்று சொல்லிவிட்டு, பொய் சொன்னதோடு கோயிலையும் இழுத்துவிட்டோமே என்று அன்றைக்கு ராத்திரி ஜெபத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். இதிலெல்லாம் அவருக்குப் பெருமையான வேலை ஒன்று உண்டென்றால் அது பூட்டு. கைப்பிடிக்குக் கீழே ஒரு சாவித் துவாரம். பூட்டு துருப்பிடித்து இறுகி, சாவி எங்கேயோ தொலைந்து கிடந்தது. அது இருந்துட்டுப் போகட்டும்ண்ணே, இப்ப யாரு ஃபிரிட்ஜப் பூட்டுறா என்றான் ஜமால். இருந்த பொருள் இருந்தபடி வரணும் தம்பி, அரைகுறை வேலை நமக்கு ஆகாது என்று பூட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பித்தளைத் துண்டெடுத்து, சின்ன அரத்தால் ராவி ராவி, இரண்டு சாவி பாழாகி, மூன்றாவது சாவி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கித் திரும்பிற்று. க்ளிக். அந்தச் சத்தத்துக்காக எத்தனை தடவை பூட்டித் திறந்தார் என்பதற்குக் கணக்கே இல்லை. இன்று காலையில் அந்தச் சாவியில் ஒரு சிவப்பு ரிப்பன் வேறு கட்டிக் கைப்பிடியில் தொங்கவிட்டிருக்கிறார். வீட்டில் நுழைந்ததும் அதுதான் முதலில் கண்ணில் பட வேண்டும் என்று.

ஜன்னலில் பக்கத்து வீட்டு ஞானம்மாள் முகம் தெரிந்தது. காலையில் நாலு பேர் பெட்டியைத் தூக்கி வந்ததிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அண்ணே, அக்காகிட்டச் சொல்லிட்டீங்களா?" என்றாள். சொன்னால் அது என்ன பரிசு என்று இவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "இல்லண்ணே, அக்காவுக்கு ஃபிரிட்ஜ்னாலே ஆகாதேன்னு பார்த்தேன். எங்க வீட்டுல மாவு வைக்க வந்தாக்கூட, நீயே வச்சிரு ஞானம்மான்னு தள்ளி நிப்பாங்க. ஒரு நாளும் அந்தக் கதவுல கை வச்சதில்ல" என்று சொல்லிவிட்டு, நமக்கெதுக்கு வம்பு என்கிற மாதிரி தலையை இழுத்துக்கொண்டாள். பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. ஆகாதா. யாருக்கு ஆகாது. அந்த வக்கீல் வீட்டுப் பெட்டி மாதிரில்ல வரணும் என்று எத்தனை தடவை சொன்னவள். சொன்னாள்தான். எப்படிச் சொன்னாள். சவரிமுத்து கண்ணை மூடிக்கொண்டு அந்த வாக்கியத்தை அவள் குரலில் ஓட்டிப் பார்த்தார். ஆசையாகத்தானே சொன்னாள். சிரித்துக்கொண்டு சொன்னாளா, சிரிக்காமல் சொன்னாளா. சொல்லும்போது எதைப் பார்த்தாள். பார்க்கவில்லை, எதையும் பார்க்கவில்லை, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே அடுப்படிக்குள் போய்விடுவாள். ஒவ்வொரு தடவையும் அடுப்படிக்குள் போய்விடுவாள். ஒருத்தி ஒரு பொருளுக்கு ஆசைப்பட்டால் அப்படியா எழுந்து போவாள். வேண்டாம் என்பதைத்தான் அப்படி நாசூக்காகச் சொன்னாளோ, கிடைக்கவே கிடைக்காத ஒன்றைக் கேட்டால் இந்த மனுஷன் வாயை மூடிக்கொள்வார் என்று சொன்னாளோ, இவர் மண்டைக்கு அது ஏறாமல் போயிற்றோ. சேச்சே, ஞானம்மாள் எதையாவது உளறுவாள். பெட்டியைப் பார்த்தார். நன்றாகத்தான் இருக்கிறது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்து தரையில் ஏறி, பெட்டியின் காலில் ஏறி, மெல்ல மேலே போய், கைப்பிடியில் தொங்குகிற பித்தளைச் சாவியில் பட்டது.

அது மின்னியதும் அவருக்கு நாக்கு வறண்டது. வெறும் தாகம்தான் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் இந்த வறட்சி பழைய வறட்சி, இது எப்போதோ வந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. டைபாய்டு. ரயில்வே குவார்ட்டர்ஸில் கயிற்றுக்கட்டிலில் கிடக்கிறார், மேலே ஓடு கிறுகிறுவென்று சுற்றுகிறது. புஷ்பம் எங்கேயோ போய்விட்டு ஓட்டமும் நடையுமாக வருகிறாள், இடுப்பில் துண்டு மூட்டை, அதிலிருந்து தண்ணீர் சொட்டிப் புடவையெல்லாம் நனைந்திருக்கிறது. மீன் மார்க்கெட் ஐஸ். மேலே ஒட்டியிருந்த உமியைக் கழுவிக் கழுவித் துணியில் சுற்றி நெற்றியில் வைக்கிறாள். மீன் வாடை. அந்தக் குளிர்ச்சி மண்டைக்குள் இறங்க இறங்க அவருக்கு உறக்கம் வருகிறது, அவள் ஏதோ பேசுகிறாள், அவரிடமா, சுவரிடமா. எனக்கும் இப்படித்தான் ஒரு தடவ அடிச்சிது, வக்கீல் வீட்டுல. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. அம்மா, ஒரு டம்ளர் ஐஸ் தண்ணி கெடைக்குமான்னு கேட்டேன். பூட்டியாச்சு புஷ்பம், நாளைக்குப் பார்க்கலாம்னு சொல்லிட்டுப் படுக்கப் போயிட்டாங்க. அவ்வளவுதான் சொன்னாள். இவர் தூங்கிப்போனார். காய்ச்சல் விட்டது, அந்தப் பேச்சும் அதோடு போயிற்று. இத்தனை காலம் எங்கே போய்ப் படுத்திருந்தது அது. பூட்டியாச்சு. வக்கீல் வீட்டில் யாருக்குப் பயந்து ஃபிரிட்ஜைப் பூட்டினார்கள். வக்கீலா திருடித் தின்னப் போகிறார். அந்த வீட்டில் வெளியாள் என்று இருந்தது ஒரே ஒரு ஆள்தானே. அடப்பாவி, அடப்பாவி சவரிமுத்து, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, ராவி ராவி, ரிப்பன் கட்டி, அவள் முகத்துக்கு நேராகவா தொங்கவிட்டிருக்கிறாய்.

எழுந்து சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாவியை மறைத்தால் துவாரத்தை எங்கே மறைப்பது. பூட்டைக் கழற்ற வேண்டும். கழற்றுவது பெரிய வித்தை இல்லை, நாலு திருகாணி. நாலும் கதவின் உள்பக்கம். கதவைத் திறந்தால் ஐஸ் போயிற்று. திறக்காவிட்டால் பூட்டு இருக்கும். மணி ஐந்தைத் தாண்டியிருக்கும், பஸ் ஊரை நெருங்கியிருக்கும். கைப்பிடியில் கை வைத்தார், எடுத்தார். கொஞ்ச நேரத்துக்கு மேலே ஒரு துணியைப் போட்டு மூடினால் என்ன. அப்புறம் என்றைக்காவது பார்ப்பாளே. ஐஸ் நாளைக்கும் கட்டும், அவள் முகம் ஒரு தடவை சுண்டிப்போனால் போனதுதான். திறந்துவிட்டார். சேர்ந்திருந்த குளிரெல்லாம் ஒரு மூச்சாக இறங்கி அவர் பாதத்தின் மேல் விழுந்தது. ஐயோ என்று இருந்தது அவருக்கு. தட்டில் விரலை வைத்துப் பார்த்தார். ஓரத்தில் பாலாடை மாதிரி ஒரு ஏடு, நடுவே தண்ணீர். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் கட்டியிருக்கும் பாவி. மூன்று திருகாணி சமர்த்தாக வந்தன. நாலாவது பெயிண்டில் ஒட்டிக்கொண்டு ஆட்டம் காட்டிற்று. அவருடைய சொந்த வேலை, அவரே போட்ட பெயிண்ட், அவ்வளவு கச்சிதம். திட்டித் திட்டித் திருகினார். ஒருவழியாகப் பூட்டு கையோடு வந்தது. அது இருந்த இடத்தில் கட்டைவிரல் போகிற அளவுக்கு ஒரு ஓட்டை, பெட்டிக்கு ஒரு கண்ணைத் தோண்டின மாதிரி. பழைய பனியனைக் கிழித்துச் சுருட்டி அதில் அடைத்து, கதவைச் சாத்தி, தரையில் கிடந்த பூட்டை எடுக்கக் குனிந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"ஏங்க, வாசல்ல என்ன வண்டித் தடம்?" என்று கேட்டுக்கொண்டே புஷ்பம் உள்ளே வந்தாள். ஒரு கையில் பை, ஒரு கையில் ஞானஸ்நானத்து வீட்டுக் கேக் பொட்டலம். இரண்டையும் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். சவரிமுத்து எழுந்திருக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. காரைக்குடியில கெடைச்சிது, ஜமால்தான் எல்லாம் செஞ்சான், உனக்குப் பிடிக்கலன்னா திருப்பிக் குடுத்துடலாம், சினிமாக்காரங்க வாங்கிக்குவாங்க என்று அவர் வாய் தானாக எதையோ பேசிக்கொண்டே போயிற்று. அவள் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை. பையை வைத்தாள். முந்தானையால் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையால் தொடவில்லை. ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அப்புறம் சுண்டுவிரலை நீட்டி ஓட்டையில் அடைத்திருந்த பனியன் துணியை மெல்லத் தள்ளிப் பார்த்தாள்.

"பூட்டு எங்க?"

"அது... பழசு. சரியில்ல. அதான்."

அவள் கண் தரைக்குப் போயிற்று. திருப்புளி, நாலு திருகாணி, பளபளவென்று தேய்த்த பூட்டு. குனிந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "நல்லாத்தான இருக்கு" என்றாள். அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. "எனக்கு டைபாய்டு வந்தப்ப நீ ஒண்ணு சொன்ன புஷ்பம். இன்னிக்குத்தான் ஞாபகம் வந்துச்சு. சத்தியமா இன்னிக்குத்தான். முன்னாலயே வந்திருந்தா இந்தப் பெட்டியவே வாங்கியிருக்க மாட்டேன்" என்றார். மனுஷன் அழுதுவிடுவார் போலிருந்தது.

புஷ்பம் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தம்மா சாவிய இடுப்புல சொருகியிருப்பாங்க. நடந்தா கிலுகிலுன்னு சத்தம் வரும். எந்த ரூம்ல இருக்காங்கன்னு அத வச்சுத்தான் நான் கண்டுபிடிப்பேன்" என்றாள். "கதவுல கை வைக்கவே எனக்குப் பயம், இப்பவும்தான். ஆனா ராத்திரி படுத்தா, அந்தச் சாவி என் இடுப்புல இருக்கற மாதிரி நெனச்சிக்குவேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள். நான் பெட்டிக்கா ஆசைப்பட்டேன்? இதப் போயி கழட்டி வச்சிருக்கீங்களே."

சவரிமுத்துவுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. பையிலிருந்து சாவியை எடுத்தார். ரிப்பன் கசங்கியிருந்தது.

"மாட்டுங்க" என்றாள்.

மாட்டினார். அவள் முழங்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு திருகாணியாக எடுத்துக் கொடுத்தாள். கதவு திறந்தபடி இருந்தது, மிச்சமிருந்த குளிரும் போய்க்கொண்டிருந்தது, போகட்டும் என்று இருந்தது அவருக்கு. கதவைச் சாத்தியதும் அவளே சாவியைப் போட்டுத் திருப்பினாள். க்ளிக். இடுப்பில் தொங்கிய வீட்டுச் சாவிக் கொத்தை எடுத்து இதையும் அதில் கோத்துக்கொண்டாள். ஒற்றைச் சாவிக்குச் சத்தம் வராதாம். கொத்தைச் செருகிக்கொண்டு நிமிர்ந்தபோது அவள் ஒரு சாண் வளர்ந்த மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் இவருக்கு ஒரு குறும்பு. அடுப்படிக்குப் போய் டம்ளரை எடுத்து வந்து, கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து எதிரில் நின்றார்.

"அம்மா, ஒரு டம்ளர் ஐஸ் தண்ணி கெடைக்குமா?"

புஷ்பம் மோவாயைத் தூக்கினாள். ரேஷன் கடையில்கூட இவர் பெயரைக் கேட்டால் ஜெசிந்தாவை விட்டுச் சொல்லச் சொன்னவள், கல்யாணமான நாள் முதல் 'ஏங்க' என்பதைத் தவிர வேறு வார்த்தையால் இவரைக் கூப்பிட்டறியாதவள், "பூட்டியாச்சு சவரிமுத்து" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது இரண்டு பேருக்கும். சிரித்துக்கொண்டே, "நாளைக்கு..." என்று ஆரம்பித்தாள். அந்த வார்த்தைக்கு மேல் அவளால் போக முடியவில்லை. உதடு கோணிற்று, கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அழுதுகொண்டே கொத்திலிருந்து சாவியைத் தேடி, துவாரத்தைத் தடவிக் கண்டுபிடித்து, பூட்டைத் திறந்தாள். தட்டில் ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்த ஏடு இன்னும் கரையாமல் இருந்தது. அதை விரலால் உடைத்து டம்ளரில் போட்டுத் தண்ணீரை ஊற்றி நீட்டினாள்.

"நீ குடி மொதல்ல" என்றார் அவர்.

குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மிச்சத்தை அவரிடம் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திப் பூட்டி, கொத்தை இடுப்பில் செருகி, முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். உடனே கூடத்துக்கு வந்தாள். எதையோ மறந்த மாதிரி மறுபடி அடுப்படிக்குப் போனாள், மறுபடி வந்தாள். ஒரு வேலையும் இல்லை அவளுக்கு அங்கேயும் இங்கேயும். சவரிமுத்து நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அவள் வீட்டில் எங்கெங்கே நடக்கிறாள் என்று அந்தக் கிலுகிலுச் சத்தத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்.